முதல் தாளில் ஒரு சுழி

சிவசைலத்தின் அம்மா உலகம்மாளுக்குத் தெரிந்த எழுத்து ஒன்றே ஒன்றுதான். அது பிள்ளையார் சுழி. பள்ளிக்கூடத்து வாசலை மிதிக்காதவள், ஆனால் அந்த ஒற்றைச் சுழியை வைத்துக்கொண்டே இலஞ்சியில் ஒரு குடித்தனத்தை நடத்திவிட்டாள். அறுப்பு முடிந்து நெல் வந்தால் அதைக் கொட்டிவைக்கிற குலுக்கையில் சுண்ணாம்பால் ஒரு சுழி. புதுப்பானை வாங்கினால் அதன் கழுத்தில் ஒரு சுழி. மாடு கன்று போட்டால் தொழுவத்துச் சுவரில் ஒரு சுழி. வளைந்து வாலிழுத்த ஓர் உருவம், அடியில் இரண்டு கோடு. கொஞ்சம் கோணலாகத்தான் இருக்கும். பிள்ளையாருக்குப் புரிந்தால் போதும் என்பாள்.

புருஷன் ஆறுமுகநயினார் விஷக்காய்ச்சலில் போன பிறகு, தாலி இழந்தவள் நல்ல காரியத்துக்குச் சுழி போடலாமா என்று பங்காளி வீட்டுப் பெண்கள் முணுமுணுத்தார்கள். உலகம்மாள் விடவில்லை.

"எங்க வீட்டுல நான் போடாம வேற யாரு போடுவா? பிள்ளையாருக்கே பொண்டாட்டி கிடையாது. எனக்குப் புருசன் இல்லன்னு அவரா கோவிப்பாரு?" என்று கேட்டு எல்லார் வாயையும் அடைத்துவிட்டாள்.

அந்தத் துணிச்சலில்தான் ஒற்றைப் பிள்ளையை மதராஸ் வரைக்கும் படிக்க அனுப்பினாள். தாவரவியல் ஆனர்ஸ் என்று அவன் சொன்னபோது, செடி கொடியைப் பற்றிப் படிக்க மதராசுக்கு எதற்குப் போக வேண்டும், இங்கே வயலில் இறங்கினால் போதாதா என்று ஊரில் சிரித்தார்கள். அவளும் கூடவே சிரித்துவிட்டு, அவனுக்கு முறுக்குச் சுட்டுக் கட்டிக் கொடுத்தாள்.

சிவசைலத்துக்கு மதராசில் படித்த எதுவும் ஒட்டவில்லை. குற்றாலத்துப் பாறைதான் ஒட்டியது. சீசனில் அருவிக்குக் குளிக்க வருகிறவர்கள் வழுக்கி விழுந்ததும் பாசியைத் திட்டுவார்கள். அவர்கள் திட்டுவதில் பாதி பாசியே அல்ல. பூக்கிற, காய்க்கிற செடி. வெள்ளம் பாய்கிற மாதங்களில் பாறையோடு அப்பிக்கொண்டு பாசி மாதிரியே கிடக்கும். தண்ணீர் வற்றிப் பாறை தலைகாட்டியதும் அவசரம் அவசரமாகப் பூத்து, காய்த்து, கருகிப்போகும். அதன் விதை தூசியைவிடப் பொடிசு. அத்தனை வேகத்தில் தண்ணீர் விழுகிற இடத்தில் அந்தத் தூசி அடித்துக்கொண்டு போகாமல் மறுவருஷமும் அதே பாறையில் எப்படி முளைக்கிறது? இந்த ஒரு கேள்வி அவனைப் பிடித்துக்கொண்டது.

விடுமுறைக்கு வரும்போதெல்லாம் ஐந்தருவிக்கு மேலே பாறையில் குப்புறப் படுத்துக்கொண்டு பூதக்கண்ணாடியால் பார்த்துக்கொண்டிருப்பான். அட்டை கடித்த காலோடு வீட்டுக்கு வருவான். கடைசியில் கண்டுபிடித்தான். அருவியில் வெள்ளம் வருமுன் சாரல் வருகிறது அல்லவா, அந்தச் சாரலில் விதையின் தோல் ஊறிக் கோந்து மாதிரி ஆகிவிடுகிறது. வெள்ளம் வந்து சேரும்போது விதை பாறையைக் கெட்டியாகப் பிடித்திருக்கும். சாரல் இல்லாமல் திடுமென்று வெள்ளம் வந்த இடங்களில் பாறை மொட்டையாகக் கிடந்தது. அதையும் பார்த்து எழுதினான், படம் வரைந்தான்.

கல்கத்தாவில் ஒரு விஞ்ஞானச் சங்கம் இருந்தது. இந்தியாவிலுள்ள எந்தப் பல்கலைக்கழக மாணவனும் சொந்தமாகச் செய்த ஆராய்ச்சியைக் கட்டுரையாக அனுப்பலாம். முதல் கட்டுரைக்குத் தங்கப் பதக்கம். பதக்கம் கிடக்கட்டும், அதோடு சங்கத்தின் ஆய்வுக்கூடத்தில் ஓர் இடமும் உண்டு. சிவசைலத்துக்கு வேண்டியது அந்த இடம். அது கிடைத்தால் ஆயுசுக்கும் அந்தச் செடியோடு இருக்கலாம். கிடைக்காவிட்டால் தாலுகா கச்சேரியில் குமாஸ்தா, இல்லையானால் ஏதாவது பள்ளிக்கூடத்தில் வாத்தியார். மூன்றாவது வழி அவனைப் போன்றவர்களுக்கு அந்த நாளில் திறந்திருக்கவில்லை.

சங்கத்தின் விதி ஒன்று மிகக் கண்டிப்பானது. எழுதியவன் யாரென்று நடுவர்களுக்குத் தெரியக் கூடாது. கட்டுரையைத் தட்டச்சில்தான் அனுப்ப வேண்டும். பெயர் தனி உறையில், அரக்கு முத்திரையோடு. தாளில் எந்த இடத்திலும் அடையாளம், குறி, கையெழுத்து எதுவும் இருக்கக் கூடாது. மூன்று நடுவர்களில் ஒருவர் சிவசைலத்தின் மதராஸ் பேராசிரியரேதான். குற்றாலத்துப் பாறைச் செடியைப் பற்றி இந்தியா முழுக்க எழுதுகிறவன் ஒரே ஒருவன் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். பூதக்கண்ணாடியை இரவல் கொடுத்தவரே அவர்தான். தெரியலாம், ஆனால் தெரிந்ததாகத் தெரியக் கூடாது. பெரிய இடத்து நியாயங்கள் இப்படித்தான் இருக்கும்.

தென்காசியில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாக இருந்த கிதிர் முகம்மது, சிவசைலத்தோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன். வக்கீல் ஊரில் இல்லாத நாட்களில் கட்டுரை முழுவதையும் அவன்தான் மெஷினில் அடித்துக் கொடுத்தான். சிவசைலம் தாள்களை இலஞ்சிக்குக் கொண்டுவந்து, வரைந்த படங்களை இடையிடையே சேர்த்து அடுக்கினான். பழைய வழக்கப்படி முதல் தாளின் தலைக்குப் பென்சில் போனது. நல்லவேளை என்று கையை இழுத்துக்கொண்டான்.

உலகம்மாள் பொட்டலம் தைக்கக் காடாத்துணியும் ஊசியுமாக வந்து உட்கார்ந்தாள்.

"எய்யா, சுழி போட்டியா?"

"போடக்கூடாதும்மா."

"யாரு சொன்னா?"

"கல்கத்தாவுல சொல்லுதான். அச்சடிச்சதைத் தவிர ஒரு புள்ளி இருக்கப்பிடாதாம். சட்டம்."

"சுழியில்லாம ஒரு காரியமா? நல்லாருக்கே சட்டம்."

"யாரு எழுதுனான்னு தெரிஞ்சிருமாம்மா."

"சுழியப் பாத்தா நீ எழுதுனதுன்னு எப்பிடித் தெரியும்? ஊருல எல்லாருந்தான போடுதாவ?"

அவன் சிரித்துவிட்டு, "தைச்சு வையும்மா, குளிச்சுட்டு வந்துருதேன்" என்று துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஆற்றுக்குப் போய்விட்டான். படித்தவர்களுக்கு இப்படி ஒரு வியாதி உண்டு. சட்டம் என்று ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டால் எதிராளிக்கு எல்லாம் விளங்கிவிட்டதாக எண்ணம். மீறினால் என்ன ஆகும் என்று அவன் அம்மாவிடம் ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

திரும்பி வந்தபோது பொட்டலம் நெருக்கமான தையலோடு தயாராக இருந்தது. அரக்கு உருக்கி முத்திரை வைத்து, தென்காசி தபாலாபீசுக்கு நடந்தே போய் ரிஜிஸ்தர் செய்துவிட்டு வந்தான். அன்று அவனுக்கு இருந்த சந்தோஷம் அதற்குப் பிறகு அவன் ஆயுளில் வரவில்லை.

அறுப்புக் காலத்தில் பேராசிரியரிடமிருந்து கடிதம் வந்தது. உன்னுடையதுதான் சிறந்த கட்டுரை, மூன்று பேரும் ஒரே மனதாக ஒப்புக்கொண்டோம் என்று தொடங்கியிருந்தார்.  கீழே போனால் வேறு கதை. முதல் தாளின் இடது மூலையில் பென்சிலால் ஒரு குறி இருந்ததாம். தலைமை நடுவரான வெள்ளைக்காரர் அதைக் காட்டி, இது என்ன, நம்மில் யாருக்காவது போட்ட ரகசிய அடையாளமா என்று கேட்டாராம். எல்லாரும் மதராஸ்காரரான இவரைப் பார்த்தார்களாம். "அந்த நேரத்தில் நான் வாய் திறந்தால் என் பெயருக்கே பழுது வந்திருக்கும். என் நிலைமையை நீ புரிந்துகொள்வாய்" என்று எழுதியிருந்தார். விதிப்படி கட்டுரை தள்ளப்பட்டு, அடுத்த கட்டுரைக்குப் பதக்கமும் ஆய்வுக்கூடத்து இடமும் போய்விட்டன.

அந்த மனுஷருக்கு அது பிள்ளையார் சுழி என்று தெரியாதா? தெரியாமல் என்ன! இந்தக் கடிதத்தின் தலையிலேயே, தம் பேனாவால், மணியாக ஒரு சுழி போட்டுவிட்டுத்தான் ஆரம்பித்திருந்தார். வீட்டில் ஒரு நியாயம், கல்கத்தாவில் ஒரு நியாயம். சிவசைலம் அந்தச் சுழியைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் நின்றான். 

தான் கை வைக்கவில்லை என்பது அவனுக்கு நிச்சயம். உள்ளே போனான். உலகம்மாள் முற்றத்தில் நெல் புடைத்துக்கொண்டிருந்தாள்.

"எம்மா, அன்னைக்கு அந்தத் தாள்ல நீ ஏதும் எழுதுனியா?"

அவள் முகத்தில் கள்ளச் சிரிப்பு வந்தது. திருடித் தின்ற குழந்தை அகப்பட்டுக்கொண்ட மாதிரி.

"ஓரத்துல, பொடிசா. உன் பென்சிலத்தான் எடுத்தேன். அது என்ன கையில நிக்கவே மாட்டேங்கு, வழுக்குது! நீ வைவன்னுதான் சொல்லல. ஏன், சேதி வந்துருச்சா? பிள்ளையாரு கைவிடலைல்லா?"

கத்தத்தான் உள்ளே வந்தான். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் கடிதத்தை மடித்து மடியில் செருகிக்கொண்டான்.

"இன்னும் வரலம்மா" என்றான்.

தென்காசிக்குப் போய்க் கிதிர் முகம்மதிடம் கடிதத்தைக் காட்டினான். அவன் இரண்டு முறை வாசித்துவிட்டு மேஜையைத் தட்டினான்.

"இது தீராத கேசு இல்லலே. உங்கம்மா ஒரு அபிடவிட்டு குடுக்கட்டும். என் மகனுக்குத் தெரியாம நாந்தான் போட்டேன், இது எங்க வழக்கம், இதுல கள்ளத்தனம் ஒண்ணுமில்லன்னு. மாஜிஸ்ட்ரேட் முன்னால கைநாட்டு வச்சு கல்கத்தாவுக்கு அனுப்புவோம். இன்னொருத்தன் அந்த இடத்துல போய்ச் சேர இன்னும் நாள் இருக்குல்லா?"

"அம்மாகிட்ட என்னன்னு சொல்ல?"

"ஒண்ணும் சொல்லாண்டாம். வந்து விரலை உருட்டட்டும், போகட்டும்."

சிவசைலம் ஒரு வாரம் மனதுக்குள் போராடினான். அம்மாவுக்குத் தெரியாமலே காரியத்தை முடித்துவிடலாம் என்ற ஆசைதான் ஜெயித்தது. ஆய்வுக்கூடத்து மேஜையும் அதன் மேல் அந்தச் செடியும் கண்ணை விட்டு நகரவில்லை. அவனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த வயதில், அத்தனை பக்கத்தில் வந்து கை நழுவியதைப் பிடிக்க யார்தான் ஓடமாட்டார்கள்?

கச்சேரியில் ஒரு கைநாட்டு வைக்க வேண்டியிருக்கிறது என்று மட்டும் சொன்னான். உலகம்மாள் தானாகவே மீதியை நிரப்பிக்கொண்டாள். வெளுத்த சேலையைக் கட்டி, நெற்றி நிறையத் திருநீறு பூசி, மாட்டுவண்டியில் ஏறி உட்கார்ந்தாள். வழியில் கண்டவர்களிடமெல்லாம், "மவனுக்குக் கல்கத்தாவுல வேலையாவுது. அம்மை கைநாட்டு வேணுமாம்" என்று கூவிக்கொண்டே வந்தாள். சிவசைலம் வண்டிமாட்டின் வாலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆனால் கச்சேரியில் ஒரு நடைமுறை உண்டு. எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடம் கைநாட்டு வாங்குமுன், எழுதியிருப்பதை அவர்களுக்குத் தமிழில் வாசித்துக் காட்டி, புரிந்ததா என்று கேட்க வேண்டும். பெரும்பாலும் வாய்க்குள் முணுமுணுத்துவிட்டு மையைத் தடவிவிடுவார்கள். கிதிர் முகம்மது அதை நம்பித்தான் இருந்தான். அன்று இருந்த மாஜிஸ்ட்ரேட் நேர்மையானவர். அவருடைய நேர்மைக்கு வேறு நாளே கிடைக்கவில்லை.

"இலஞ்சி ஆறுமுகநயினார் சம்சாரம் உலகம்மாளாகிய நான் சத்தியமாகச் சொல்வது" என்று பக்கத்து அறைக்கும் கேட்கிற குரலில் தொடங்கினார். "என் மகன் கூடாது என்று சொல்லியும், அவன் இல்லாத சமயத்தில், அவன் கட்டுரையின் முதல் தாளில் பிள்ளையார் சுழி போட்டேன். அந்தச் சுழியின் காரணமாக அவனுக்குக் கிடைக்க இருந்த முதல் பரிசும் உத்தியோகமும் கிடைக்காமல் போயின. இதில் என் மகனுடைய குற்றம் யாதொன்றும் இல்லை. முழுக் குற்றமும் என்னுடையதே." கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "புரியுதாம்மா?"

உலகம்மாள் அவரைப் பார்க்கவில்லை. மகனைத் திரும்பிப் பார்த்தாள்.

"எய்யா, கிடைக்க இருந்துச்சா?"

சிவசைலம் ஆமென்று தலையை அசைத்தான்.

"நானா கெடுத்துப்புட்டேன்?"

இல்லை என்று சொல்ல ஒரு கணம் இருந்தது. சொன்னால் அந்தத் தாள் செல்லாது. மாஜிஸ்ட்ரேட் பார்த்துக்கொண்டிருந்தார், கிதிர் முகம்மது தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். சிவசைலம் வாயைத் திறக்கவில்லை.

"புரியுதுய்யா" என்றாள் அவள், மாஜிஸ்ட்ரேட்டிடம்.

"கையெழுத்துப் போடத் தெரியுமா?"

"எனக்கு ஒரு எழுத்தும் தெரியாதுய்யா."

மை தடவி விரலை உருட்டினார்கள். திரும்பும்போது வண்டியில் அவள் யாரையும் கூப்பிடவில்லை. ஊர் எல்லை வந்ததும் மெதுவாகச் சொன்னாள்.

"தாலியறுத்தவ கை பட்டிருக்கப்பிடாது. அன்னைக்கே சொன்னாளுவ, நாந்தான் கேக்கல."

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லம்மா. யாரு போட்டிருந்தாலும் தள்ளியிருப்பான். அது அவன் சட்டம்."

"உனக்குச் சட்டம். எனக்குத் தெரியும்லா."

எத்தனை விதமாகச் சொல்லியும் அவள் காதில் ஏறவில்லை. பழியைத் தன் தலையில் சுமந்துகொண்டாள், இறக்கி வைக்க இடம் தேடவே இல்லை.

கல்கத்தாவிலிருந்து பதில் வந்தது, நாலே வரி. தாளில் குறி இருந்தது என்பதே விதிக்குப் போதும். யார் போட்டார்கள் என்ற விசாரணைக்குச் சங்கம் இறங்குவதில்லை. தவிர, பெற்ற தாயின் வாக்குமூலம் சார்பற்றதாகாது. கோதுமையில் விழும் ஒரு நோயைப் பற்றி எழுதிய பையன் ஒருவன் ஆய்வுக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தான். அவன்மேல் சொல்ல ஒரு குற்றமும் இல்லை. நன்றாகவே எழுதியிருந்தானாம்.

அதாவது, சிவசைலம் அம்மாவைக் கொண்டுபோய்ச் சபையில் நிறுத்தியதற்கு ஒரு பலனும் இல்லை. செய்யாமல் இருந்திருந்தால் ஒரு நஷ்டத்தோடு போயிருக்கும்.

தென்காசிப் பள்ளிக்கூடம் ஒன்றில் வாத்தியார் வேலை கிடைத்தது. தவளையின் வயிற்றுப்பாகத்தைக் கரும்பலகையில் வரைந்து வருஷங்களைத் தள்ளினான். ஒருமுறை கட்டுரையை ஒரு பத்திரிகைக்கு அனுப்பினான். எந்த ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்தவர் என்று கேட்டு எழுதினார்கள். எதையும் சேர்ந்தவனல்ல என்று எழுத வெட்கப்பட்டுப் பதிலே போடவில்லை. யுத்தம் வந்தது, அரிசிக்கு ரேஷன் வந்தது. சீசன் தோறும் ஜனங்கள் வந்து வழுக்கி விழுந்து பாசியைத் திட்டிவிட்டுப் போனார்கள். அவன் குற்றாலத்துக்குப் போவதையே விட்டுவிட்டான். கல்யாணப் பேச்சு எடுத்தவர்களிடம் பிறகு பார்க்கலாம் என்று சொல்லிச் சொல்லியே பேச்சு நின்றுபோயிற்று.

வீட்டில் நடந்ததுதான் அவனைத் தின்றது. அடுத்த அறுப்பு முடிந்து நெல் வந்தபோது, உலகம்மாள் பக்கத்து வீட்டு வடிவம்மாளைக் கூப்பிட்டுக் குலுக்கையில் சுழி போடச் சொன்னாள். பிறகு பானைக்கும் தொழுவத்துக்கும் அவளேதான் வந்து போட்டாள். சிவசைலம் கெஞ்சிப் பார்த்தான், கோபித்துப் பார்த்தான், ஒரு நாள் சுண்ணாம்பைக் கொண்டுவந்து கையிலேயே திணித்தான். "வேண்டாம்யா, என் கை விளங்காது" என்று சேலையில் துடைத்துக்கொண்டாள்.

அவன் சாமான்கள் விஷயத்தில் இன்னும் மோசம். துவைக்கிற வேட்டியைக்கூட, "எய்யா, இதத் தொடலாமா?" என்று கேட்டுத்தான் எடுப்பாள். அவன் புஸ்தகம் கிடக்கிற இடத்தைச் சுற்றிப் பெருக்குவாள். அந்த இடம் மட்டும் தூசியாகவே இருக்கும். ஊரையே வாயடைத்தவள் சொந்த வீட்டில் குடியிருக்க வந்தவள் மாதிரி ஒதுங்கி ஒதுங்கி நடந்தாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் அவனுக்குச் செத்துவிடலாம் போலிருக்கும்.

ஒரு சீசனில் வெயில் கொஞ்சம் எட்டிப்பார்த்த காலைப்பொழுதில், பெட்டியிலிருந்த பழைய படங்களை எடுத்துக் கயிற்றுக் கட்டிலில் பரப்பினான். பூச்சி அரிக்க ஆரம்பித்திருந்தது. அந்தச் செடியின் வேர், இலை, பூ, பாறையில் ஒட்டிய விதை, எல்லாம் அவன் கையால் வரைந்தவை. அவனிடம் மிஞ்சியது அவ்வளவுதான். காற்றாடக் கிடக்கட்டும் என்று விட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் போனான்.

பகலில் குரங்குகள் கூரையில் ஏறி, கட்டிலுக்கு நேர் மேலே ஓடுகளைப் பெயர்த்துவிட்டன. பின்னாலேயே சாரல் பிடித்துக்கொண்டது.

சாயங்காலம் அவன் உள்ளே நுழைந்தபோது உலகம்மாள் கட்டிலின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். இரண்டு கையாலும் பெரிய வெண்கலக் கும்பாவைக் கட்டிலுக்கு மேலே ஏந்திப் பிடித்திருந்தாள். ஒழுகுகிற தண்ணீர் கும்பாவில் விழுந்துகொண்டிருந்தது. அவள் தலையும் தோளும் நனைந்திருந்தன. கை நடுங்குகிற நடுக்கத்தில் கும்பாவிலிருந்த தண்ணீர் தளும்பி அவள் பக்கமே வழிந்தது. கட்டில் பக்கம் ஒரு சொட்டு விழாதபடி உடம்பைச் சாய்த்து நின்றிருந்தாள்.

"எம்மா! எப்பம்மா இருந்து நிக்க?"

"மழை வந்ததுல இருந்து."

"படத்த எடுத்து வச்சிருக்கலாமே! இல்லாட்டி கட்டிலையாவது இழுத்திருக்கலாம்லா?"

"கட்டில் மேலதானய்யா தாளு இருக்கு." அவள் குரல் குளிரில் உதறியது. "நான் தொடலய்யா. ஒண்ணக்கூடத் தொடல. நீயே பாரு."

அவன் கும்பாவை வாங்கிக் கீழே வைத்தான். கட்டிலைப் பார்த்தான். படங்களில் ஒன்றுகூட நனைந்திருக்கவில்லை. எல்லாம் நனைந்து நாறிப்போயிருக்கக் கூடாதா என்று அவன் வாய்விட்டு அழுதான்.